மூலக்குளத்து மெக்கானிக்கும் அப்பாவும்

காரை வேலைக்கு விட்டால், வேலை முடிகிறவரை அதைவிட்டு நகரக் கூடாது என்பது அப்பாவின் கட்சி. கடைக்காரர் நாற்காலி போட்டாலும் போடாவிட்டாலும், வண்டிக்குப் பக்கத்தில் எதையாவது இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். பழைய டயர் கிடந்தால் டயர், பெயின்ட் டப்பா கிடந்தால் அதைக் கவிழ்த்து அதன்மேல். கழற்றுவதையும் மாட்டுவதையும் கண் எடுக்காமல் பார்ப்பார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. பஞ்சாலையில் வேலை பார்த்தவர். மெஷின் நின்றால் ஃபிட்டர் வரும்வரை காத்திருந்து, அவர் பக்கத்திலேயே நின்று பார்த்துப் பழகியவர். மில் மூடிய பிறகு ஒரு குடோனில் வாட்ச்மேனாக இருந்தார். அங்கேயும் அவர் வேலை, பார்த்துக்கொண்டிருப்பதுதான்.

அம்மா இறந்த பிறகு அப்பா புதுச்சேரி நெல்லித்தோப்பில் என்னோடு வந்து தங்கினார். என் கணவர் துபாயில் இருக்கிறார். நான் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன். காலையில் வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்களின் வீடுகளுக்குப் போய் ரத்தம் எடுத்து வருவதுதான் என் வேலையில் பாதி. எல்லோரும் என்னை சிஸ்டர் என்று கூப்பிடுவார்கள். பல வருடம் ஸ்கூட்டரில்தான் சுற்றினேன். ஒரு மழைக்காலத்தில் ரத்தம் எடுத்த குழாய்கள் இருந்த பெட்டியோடு வழுக்கி விழுந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் குழாய்கள் உடைந்துவிட்டதால் அத்தனை வீட்டுக்கும் திரும்பப் போய், இன்னொரு தடவை கையை நீட்டுங்கள் என்று கேட்க வேண்டியிருந்தது. அந்த வாரமே என் கணவர் போனில், ஒரு பழைய காராவது வாங்கிவிடு என்றார். வாங்கினோம்.

சில மாதத்தில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கீச்சென்று சத்தம் வந்தது. ஊருக்கு வெளியே கண்ணாடி முகப்பு வைத்த பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்றுக்குக் கொண்டுபோனோம். டை கட்டிய ஒருவர் வாசலிலேயே சாவியை வாங்கிக்கொண்டு எங்களை ஏசி அறையில் உட்காரச் சொன்னார். நல்ல சோபா, காபி மெஷின், டிவி. காலைச் சுற்றை முடித்துக் கால் வலியோடு வந்திருந்த எனக்கு அந்த இடம் பிடித்தே இருந்தது. அப்பாவுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

"வண்டி எங்க இருக்குது தம்பி?"

"உள்ள சார்."

"நான் உள்ள வந்து நிக்கட்டா?"

"சேஃப்டி சார். கஸ்டமரை விடறதில்ல."

அப்பா கண்ணாடித் தடுப்பில் நெற்றியை ஒட்டிவைத்துக்கொண்டு பார்த்தார். வரிசை வரிசையாக நின்ற வண்டிகளில் எங்களுடையது எது என்றுகூடத் தெரியவில்லை. மதியத்துக்கு மேல் பில் வந்தது. பிரேக் பேட் மாற்றியதோடு நாங்கள் கேட்காத வேலைகளும் அதில் இருந்தன. ஏசிக்குக் கிருமி மருந்து அடித்திருந்தார்கள். எஞ்சினுக்குள் எதையோ ஊற்றிக் கழுவியிருந்தார்கள். டை கட்டியவர் ஒவ்வொன்றையும் பொறுமையாகத்தான் விளக்கினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"கழட்டுன பழைய பேட் எங்க?" என்றார் அப்பா.

"ஸ்கிராப்புக்குப் போயிருக்கும் சார்."

"அது எங்களுதுதானே? எங்களுத எங்ககிட்ட காட்டாமப் போட்டுட்டா எப்பிடி?"

அவர் சிரித்து மழுப்பினார். அப்பா கவுன்டரைவிட்டு நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் முனகத் தொடங்கினார்கள். நான் பணத்தைக் கட்டிவிட்டு அப்பாவைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக வெளியே கூட்டிவந்தேன்.

அவர்கள் எங்களை ஏமாற்றினார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த எஞ்சினைக் கழுவத்தான் வேண்டியிருந்ததோ என்னவோ. ஆனால் திரும்பி வரும்போது ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. நான் ஒரு வீட்டுக்கு ரத்தம் எடுக்கப் போனால் ஊசி உறையை அந்த வீட்டுக்காரர் கண்ணெதிரேதான் பிரிப்பேன். யாரும் பிரித்துக் காட்டு என்று கேட்டதில்லை. நானாகவே, அவர்கள் பார்வை என் கைக்கு வரும்வரை காத்திருந்து பிரிப்பேன். அந்த ஒரு நொடியைத்தான் அப்பா அங்கே கேட்டார்.

கொஞ்ச நாளில் சத்தம் திரும்ப வந்துவிட்டது. மூலக்குளத்தில் மாதாமாதம் நான் ரத்தம் எடுக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் இருந்தார். பழைய புதுச்சேரிக்காரர். கராஜ் என்ற சொல்லைப் பிரெஞ்சில் சொல்வதுபோலக் கடைசியில் மெத்தென்று முடிப்பார். அவர் என் காரின் சத்தத்தை வாசலிலிருந்தே கேட்டுவிட்டு, "நம்ம ரோட்டு முனையில ஒரு கராஜ் இருக்குது, அங்க கொண்டு போ. அவனுக்கு வாய்தான் கொஞ்சம் நீளம். வேலையில ஒண்ணும் குறை சொல்ல முடியாது" என்றார்.

அந்த வாய் எவ்வளவு நீளம் என்பது போன அன்றே தெரிந்தது. வில்லியனூர் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில் தகரக் கூரை போட்ட இடம். மெக்கானிக்குக் கிட்டத்தட்ட என் வயது. தனியாகத்தான் வேலை பார்த்தார். மதியச் சாப்பாட்டைக் கொண்டுவரும் அவர் மனைவி, சாயங்காலம்வரை இருந்து போனை எடுப்பார், சாமான் கடைக்கு ஓடுவார். நாங்கள் போனபோது மெக்கானிக் போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு வந்து, நான் சொன்னதைக் கேட்டு, ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்ற ஆரம்பித்தார். அப்பா ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைத் தூக்கிவந்து அவர் முழங்கைக்கு அருகே போட்டு உட்கார்ந்தார்.

"பெரியவரே, அந்தாண்ட நெழல்ல ஒக்காருங்க."

"இங்கியே இருக்கேன்."

"இங்க இன்னா வேலை உங்களுக்கு?"

"நீ கழட்டறதப் பாக்கணும்."

மெக்கானிக் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றார். "நம்பிக்கை இல்லன்னா வண்டிய எடுத்துனு போங்க. நான் யாரையும் கையப் புடிச்சு இழுக்கல."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அப்பாவின் குரல் மட்டும் மாறவே இல்லை. "நம்பிக்கை இருந்திருந்தா வூட்லயே படுத்திருப்பேனே தம்பி. இல்லாததாலதான் வந்து ஒக்காந்திருக்கேன். பாத்தாத்தானே அது வரும்?"

மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே திரும்ப உட்கார்ந்து சக்கரத்தைக் கழற்றினார். உள்ளேயிருந்து பிரேக் பேடை எடுத்துத் துடைத்து, வேண்டுமென்றே அப்பாவின் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"பாத்துக்கோங்க. புதுசு. அவங்க மாத்தியிருக்காங்க. அதுல பொய் இல்ல."

அப்பா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சர்வீஸ் சென்டர்காரர்கள் மாற்றாமலே மாற்றியதாகப் பில் போட்டுவிட்டார்கள் என்று வழி நெடுக என்னிடம் சொல்லிக்கொண்டு வந்தவர் அவர். "அப்ப சத்தம் ஏன் வருது?" என்றார்.

"பேட் நகர்ற இந்த பின்னு காஞ்சி கெடக்குது. இதுக்கு கிரீஸ் வெக்கணும். அவசரத்துல உட்டிருப்பாங்க. எல்லாரும் மனுசந்தானே."

கிரீஸ் வைத்தார், மாட்டினார், தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். சத்தம் போய்விட்டது. அரை நாள் கூலியாவது கேட்பார் என்று நினைத்திருந்த என்னிடம் மிகக் கொஞ்சமாகத்தான் கேட்டார். ஆனால் அப்பாவை அசைத்தது அந்தக் குறைந்த கூலி இல்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னார்: "சர்வீஸ் சென்டர்காரனுகளத் திட்டறதுக்கு அவனுக்கு நல்ல சந்தர்ப்பம். திட்டியிருந்தா நாம நம்பியிருப்போம். திட்டல பாரு."

அதற்குப் பிறகு நாங்கள் வேறு எங்கேயும் போகவில்லை. அப்பா ஸ்டூலை விடவுமில்லை. மெக்கானிக் திட்டுவதையும் விடவில்லை. ஆனால் காலப்போக்கில் திட்டிக்கொண்டே, "அந்த பத்தொம்பதாம் நம்பர எடுங்க பெரியவரே" என்று கேட்க ஆரம்பித்தார். அப்பாவும் பத்தொன்பதாம் நம்பர் ஸ்பானர் எது என்று தெரிந்துவைத்திருந்தார்.

எல்லாம் சுமுகமாகவே போயிற்று என்று சொல்ல முடியாது. அடுத்த வருடம் கிளட்ச் தேய்ந்து போயிற்று. பெரிய வேலை. எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவில் இருப்பதை எடுக்க வேண்டும். அப்பா நாள் முழுக்க அங்கேயே இருந்தார். அன்று எங்களுடையதைப் போலவே இன்னொரு காருக்கும் அதே வேலை நடந்தது. வாடகைக்கு ஓட்டும் ஒருவருடைய கார். சாயங்காலம் அந்த டிரைவர் பணம் கொடுத்ததை அப்பா பார்த்துவிட்டார். படுக்கப் போகும்போதுதான் சொன்னார்.

"ஒரே வேலைக்கு அவன்கிட்ட கொறச்சல், நம்மகிட்ட அதிகம் வாங்கியிருக்கான்."

எனக்கு வருத்தம் பணத்துக்காக இல்லை. அந்தக் கடையைப் பற்றி எத்தனை வீட்டில் சொல்லியிருந்தேன். ரத்தம் எடுக்கும்போது கையை நீட்டியவர்கள் பயப்படாமலிருக்க, அவர்கள் கவனத்தைத் திருப்ப ஏதாவது பேசுவேன். அப்படிப் பேசிப் பேசியே அவருக்குப் பல வாடிக்கையாளர்களைப் பிடித்துக் கொடுத்திருந்தேன்.

மறுநாள் மூலக்குளம் பக்கம் எனக்கு வேலை இருந்தது. அப்பாவும் கூடவே ஏறிக்கொண்டார். கடையில் மெக்கானிக் அப்போதுதான் ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தார். அப்பா நேராகக் கேட்டுவிட்டார்.

மெக்கானிக் கொஞ்சமும் தடுமாறவில்லை. "ஆமா, வாங்குனேன். அவன் வண்டி மூணு நாளா நின்னுனு இருந்துச்சு. வண்டி நின்னா அவன் வூட்ல அடுப்பு எரியாது. சிஸ்டருக்கு வண்டி நின்னாலும் சம்பளம் நிக்காது. அதான் அவன்கிட்ட கூலியக் கொறச்சேன்."

"கொறச்சியா, எங்ககிட்ட ஏத்தி அத சரிக்கட்டுனியா?"

ஊதுபத்தியைச் செருகிவிட்டுத் திரும்பினார். "கொஞ்சம் ஏத்துனேன்" என்றார்.

அப்பா ஸ்டூலில் உட்கார்ந்தார். மில்லில் சங்கக் கூட்டங்களில் பேசிய மனிதர். அன்று அந்தக் குரலைத்தான் கேட்டேன். "அவனுக்குக் கொறச்சது தப்பே இல்ல. இல்லாதவன்கிட்ட கொறச்சுதான் வாங்கணும். ஆனா அந்தத் துட்டு என் பொண்ணு பையிலேந்து போச்சு. அவளுக்கே தெரியாமப் போச்சு. அதான் தப்பு."

"சொன்னா யாரு ஒத்துப்பா பெரியவரே? அவனுக்கு நான் ஏன் குடுக்கணும்னுதான் கேப்பாங்க."

"நீ எங்கள கேட்டுப் பாத்தியா?"

மெக்கானிக் பணத்தைத் திருப்பித் தரக் கல்லாவைத் திறக்கப் போனார். அப்பா கையை உயர்த்தித் தடுத்தார். "வேணாம். அவன் வண்டிக்கு நாங்களும் ஒரு கை குடுத்தோம்னு இருக்கட்டும். இனிமே வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே இவ்ளோ கூலின்னு சொல்லிடு. ஒத்துக்கிட்டா ஒத்துக்கறோம், இல்லன்னா இல்ல."

நான் அன்று கோபப்படவில்லை. கோபப்பட எனக்கு வாயில்லை. பரிசோதனைக்கு இவ்வளவு என்று எங்கள் நிலையம் வைத்திருக்கிறது, அதில் நான் கைவைக்க முடியாது. வீட்டுக்கு வந்து எடுப்பதற்கான தொகை மட்டும் என் பொறுப்பு. மீனவர்கள் வாழும் வைத்திக்குப்பத்தில் படகு கடலுக்குப் போகாத மாதங்களில் நான் அதை வாங்குவதே இல்லை. பெரிய வீடுகளில் இதைச் சொல்லும்போது அவர்களாகவே சேர்த்துக் கொடுத்தால் வேண்டாம் என்றும் சொல்வதில்லை. நானும் அதையேதான் செய்துகொண்டிருக்கிறேன். சொல்லிவிட்டுச் செய்கிறேன் என்பது ஒன்றுதான் வித்தியாசம். நியாயமான கூலி என்றால் எல்லோருக்கும் ஒரே கூலி என்று நினைத்திருந்தேன். அன்று காலை அந்தத் தகரக் கூரைக்குக் கீழே அப்படி இல்லை என்று தோன்றிற்று.

ஒரு மாதம் கழித்து மெக்கானிக் என்னிடம் புகார் சொன்னார். "உங்க அப்பாவாலதான் சிஸ்டர். இப்பல்லாம் எவன் வந்தாலும் முன்னாடியே கூலி சொல்லிட்றேன். பாதிப்பேரு கேட்டுட்டு ஓடிப் போயிடறான்."

"மீதிப்பேரு?"

"மீதிப்பேரு பேரம் பேசாமக் குடுக்கறான்" என்றார், அதுவும் ஒரு குறை என்பதுபோல.

அடுத்த கோடையில்தான் அது நடந்தது. வெயிலில் எஞ்சின் சூடேறி முள் சிவப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. ரேடியேட்டரில் ஓட்டை. காரையும் அப்பாவையும் கடையில் விட்டுவிட்டு, ஆட்டோவில் வைத்திக்குப்பம் போய்விட்டேன். அப்பா சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஒரு டீயோடு கிளம்பிவிட்டார் என்பது எனக்குத் தெரியாது. ரேடியேட்டரைக் கழற்றிப் போட்டிருக்கும்போது எழுந்துபோய்ச் சாப்பிட அவருக்கு மனம் வரவில்லை.

மதியம் சாப்பாட்டோடு வந்த மெக்கானிக்கின் மனைவிதான் முதலில் கவனித்திருக்கிறார். அப்பாவின் சட்டை தெப்பமாக நனைந்திருந்தது. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டதற்கு, "ஷிஃப்ட் இன்னும் முடியல" என்றாராம். மெக்கானிக் கிண்டல் என்று நினைத்துச் சிரித்திருக்கிறார். அந்த அம்மா சிரிக்கவில்லை. அவருடைய தகப்பனாருக்கும் சர்க்கரை; சாப்பிடாமல் இருந்து அது இறங்கினால் இப்படித்தான் உளறுவார். டீக்கு வைத்திருந்த சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து, அப்பாவின் தாடையைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்க வைத்திருக்கிறார். மெக்கானிக், ஓடக்கூடிய நிலையில் அங்கே நின்ற ஒரே காரை எடுத்தார். வேலை முடிந்து சொந்தக்காரருக்காகக் காத்திருந்த கார் அது. அப்பாவைப் பின்சீட்டில் மனைவியின் மடியில் சாய்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரட்டினார்.

நான் அப்போது ஒரு பாட்டியின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி நரம்பைத் தேடிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. மெக்கானிக் ஒரு நாளும் அந்த நேரத்தில் கூப்பிட்டதில்லை.

"சிஸ்டர், பெரியவரு பேசறாரு. மொதல்ல அதக் கேளுங்க, மீதிய அப்பறம் சொல்றேன்."

அப்பாவின் குரல் வந்தது. தேய்ந்த குரல். "பாப்பா, ரேடியேட்டர இன்னும் மாட்டல."

எத்தனையோ வீட்டுக்கு நான் கெட்ட செய்தி சொல்லியிருக்கிறேன். எதை முதலில் சொல்ல வேண்டும் என்று எங்களுக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. அந்த மனிதருக்கு எப்படித் தெரிந்தது என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன். அந்தக் குரலை முதலில் கேட்டதால்தான் என்னால் கையிலிருந்த ஊசியை ஒழுங்காகப் போட்டு, ரத்தத்தை எடுத்து, பாட்டியின் கையில் பஞ்சை அழுத்தி வைத்துவிட்டு எழுந்திருக்க முடிந்தது.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அப்பாவுக்குக் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. மெக்கானிக்கின் மனைவி பக்கத்தில் நின்று விசிறிக்கொண்டிருந்தார். மெக்கானிக்கைக் காணோம். வாசலில் பார்த்தேன். ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்தில் காரை நிறுத்திவிட்டு, எடுக்கச் சொன்ன செக்யூரிட்டியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். கை முழுக்கக் கரி. என்னைப் பார்த்ததும் குரலை இறக்கி, "போய்ப் பாருங்க, தெளிஞ்சிட்டாரு. என்னியே திட்டறாரு" என்றார்.

அந்தக் காரின் சொந்தக்காரர் கடையில் வந்து நின்று, வண்டியைக் காணாமல் கத்திக்கொண்டிருந்தார் என்பது பிறகு தெரிந்தது. விஷயத்தைக் கேட்டதும் அவர் தணிந்துவிட்டாராம். ரெண்டு நாள் கழித்து ரேடியேட்டர் வேலை முடிந்து காரை எடுக்கப் போனேன். மெக்கானிக் முன்பே சொன்ன கூலியைத்தான் கேட்டார். நான் அதோடு சேர்த்துக் கூடுதலாகக் கொடுத்தேன். முறைத்தார்.

"இது இன்னாத்துக்கு?"

"அன்னிக்கு நீங்க பண்ணதுக்கு."

"அதுக்கெல்லாம் கூலி கெடையாது." கொஞ்சம் யோசித்தார். "அந்த வண்டிக்கு மட்டும் பெட்ரோல் போட்டுக் குடுத்துடுங்க. அது என் வண்டி இல்ல, பாருங்க."

பெட்ரோல் போட்டுக் கொடுத்தேன். அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். நன்றி என்று சொன்னேனா என்று நினைவில்லை. அவர் மட்டும், "இவருக்கும் ஒருவாட்டி சர்க்கரை பாத்துடுங்க சிஸ்டர். வரமாட்டேன்றாரு" என்றார்.

அதற்காக ஒரு காலையில் பெட்டியோடு கடைக்கே போனேன். கியர் பெட்டியைத் தனியாளாகத் தூக்கி வைக்கிற மனிதர், ஊசியைக் கண்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்தடுத்துக் குழாய்களைப் பார்த்துவிட்டு, "எதுக்கு இத்தினி எடுக்கறீங்க? ஒண்ணு போதாதா?" என்று சந்தேகமாகக் கேட்டார். அன்று கூட வந்திருந்த அப்பா ஸ்டூலிலிருந்து சொன்னார்: "கேளு தம்பி, நல்லாக் கேளு." எந்தக் குழாய் எதற்கு என்று விளக்கிச் சொன்னேன். முடிவு நன்றாகத்தான் வந்தது.

அப்பாவுக்குத்தான் உடம்பு இடங்கொடுக்கவில்லை. அந்த வருடக் கடைசியில் காலில் புண் வந்தது. சர்க்கரைக்காரர் புண், சீக்கிரம் ஆறாது. காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எஞ்சினின் பெல்ட் பகுதியில் ஏதோ கிறீச்சிட ஆரம்பித்தபோது, காரை வேலைக்கு விட நான் முதன்முறையாகத் தனியாகக் கடைக்குப் போனேன். மெக்கானிக் காரைப் பார்க்காமல் முதலில் பக்கத்து இருக்கையைப் பார்த்தார். சொன்னேன். பானெட்டைத் திறந்தார். கொஞ்ச நேரம் குனிந்து நின்றவர் நிமிர்ந்து, துணியில் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். வீடியோவில் அப்பாவைக் கூப்பிட்டார்.

"பெரியவரே, தெரியுதா?"

"உன் மூஞ்சிதான் தெரியுது. வண்டியக் காட்டு."

போனைத் திருப்பி ஃபேன் பெல்ட்டைக் காட்டினார். "வெடிப்பு உட்டிருக்குது பாருங்க."

"கிட்ட காட்டு. வெளிச்சத்துல பிடி." நெல்லித்தோப்பில் கட்டிலில் படுத்திருந்தவர் கேட்டார், "இன்னும் கொஞ்ச நாள் ஓடுமா?"

"ஓடும். என்னிக்காவது விடியக்காலைல உங்க பொண்ணு நடு ரோட்டுல நிக்கும்."

"மாத்து. கூலி எவ்ளோ?"

சொன்னார். அப்பா சரி என்றார். புது பெல்ட் மாட்டி ஓட்டிக் காட்டும்வரை அந்தப் போன் ஒரு ஆயில் டப்பாவின்மேல் சாய்ந்து நின்றது. காத்திருந்த வேறு வாடிக்கையாளர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் சிரித்துவிட்டார். "சிரிக்காதீங்க" என்றார் மெக்கானிக். "அவரு பாக்கலன்னா எனக்கு வேலை ஓட மாட்டேங்குது."

புண் ஆற மாதக்கணக்காயிற்று. அத்தனை மாதமும் அப்படித்தான். அப்பாவுக்குப் படுக்கையில் எதிர்பார்த்துக் காத்திருக்க ஒன்று இருந்தது. காரில் கோளாறு இல்லாத வாரங்களில் மெக்கானிக்கே கூப்பிட்டு வேறு யாருடைய எஞ்சினையாவது காட்டிக் கருத்துக் கேட்பார். துபாயிலிருந்து என் கணவர் கூப்பிடும்போது சில நேரம் லைன் கிடைக்காது. மாமனார் மெக்கானிக்கோடு பேசிக்கொண்டிருப்பார்.

போன வருடம் கார் அடிக்கடி நிற்கத் தொடங்கியது. அடுத்து என்ன மாற்ற வேண்டும் என்று கேட்டேன். மெக்கானிக் பானெட்டை மூடினார். "இனிமே இதுல ஒண்ணும் போடாதீங்க சிஸ்டர். நீங்க குடுத்தா நான் மாத்தினே இருப்பேன், எனக்கு நல்லதுதான். ஆனா உங்களுக்கு வேஸ்ட். வித்துட்டு வேற பாருங்க."

அப்பாவுக்கு அப்போது ஊன்றுகோலோடு நடக்கும் அளவுக்குக் கால் தேறியிருந்தது. வேறொரு பழைய கார் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் மூவரும் கடலூர்ப் பக்கம் போனோம். மெக்கானிக் நாங்கள் கூப்பிடாமலே வந்தார். விற்பவர் வைத்திருந்த கார் புதுசு போலப் பளபளத்தது. எனக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. மெக்கானிக் எஞ்சினைத் தொடவே இல்லை. பின் இருக்கையின் சீட் பெல்ட்டைப் பிடித்துக் கடைசிவரை இழுத்தார். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் காய்ந்த சேற்றுக் கோடு இருந்தது.

"வெள்ளத்துல நின்ன வண்டி" என்றார். விற்பவர் மறுத்துப் பேச வாயெடுத்தார். அப்பா ஊன்றுகோலால் பெல்ட்டைக் காட்டி, "அப்ப இது இன்னா தம்பி?" என்று கேட்டதும் அடங்கிவிட்டார்.

அடுத்த மாதம் திண்டிவனம் ரோட்டில் வேறொன்று கிடைத்தது. வாங்கி எடுத்துவந்த அன்று அதை மெக்கானிக் ஓட்டினார். அப்பா அவர் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார். நான் பழைய காரில் பின்னால் வந்தேன். வழி நெடுக எனக்கு முன்னால் அதன் பின்கண்ணாடியில் ரெண்டு தலை தெரிந்துகொண்டே வந்தது. அப்பாவின் கை அடிக்கடி டாஷ்போர்டைச் சுட்டியது. மெக்கானிக்கின் தலை மறுத்து ஆடியது. ஊருக்குள் நுழைகிறவரை இருவரும் பேச்சை நிறுத்தவில்லை.

எங்கள் நிலையத்தில் புதிதாகக் கார் வாங்கிய ஒரு பெண், "மெக்கானிக்கையெல்லாம் நம்பலாமாக்கா?" என்று போன வாரம் கேட்டாள். எல்லோரையும் நம்பலாம் என்று என்னால் சொல்ல முடியாது. "கூட யாராச்சும் போங்க. போய் பக்கத்துல ஒக்காந்து பாருங்க. எதையும் கேக்கக் கூச்சப்படாதீங்க" என்றேன். எனக்கு வாய்த்த மாதிரி அவளுக்கும் வாய்க்க வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். எங்கள் புதுக் கார் சத்தமில்லாமல் ஓடுகிறது. இன்று காலைகூட வைத்திக்குப்பத்தில் படகுகள் கரையேறுவதற்குள் அத்தனை வீட்டையும் முடித்துவிட்டு வந்துவிட்டேன்.